எழில் மொழியின் தரவு வகைகளும் செயற்குறிகளும்

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட ஒரு கணினி நிரலாக்க மொழி ஆகும். தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலத் துணையின்றி நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்பதற்காக இதனை முத்தையா அண்ணாமலை உருவாக்கினார். இம்மொழி பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட எழில், திறமூல மென்பொருளாகக் கிடைக்கிறது. சிறுவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1967இல் உருவாக்கப்பட்ட லோகோ மொழியின் நோக்கமும் இதனை ஒத்ததே.

தரவு வகைகள்

எழிலில் ஒரு மாறியின் வகையை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. மாறிக்குத் தரப்படும் மதிப்பே அதன் வகையைத் தீர்மானிக்கிறது. முதன்மையான வகைகள் வருமாறு:

* எண்: முழு எண்ணாகவோ (240) பதின்மப் புள்ளி உடையதாகவோ (12.5) இருக்கலாம்.
* சரம்: இரட்டை மேற்கோள்களுக்குள் எழுதப்படும் எழுத்துத் தொடர்.
* ஏரண மதிப்பு: மெய் அல்லது பொய். ஒப்பீடுகளின் விளைவாகக் கிடைப்பது.
* பட்டியல்: பல மதிப்புகளின் வரிசை. எ.கா: [10, 20, 30]

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இனயத்தில் ஒருவர் மீன் விற்ற கணக்கைப் பின்வருமாறு எழுதலாம்:

ஊர் = "இனயம்"
எடை = 12.5
விலை = 240
செலவு = 2500
தொகை = எடை * விலை
பதிப்பி ஊர், தொகை

இங்கு ஊர் என்பது சரம், ஏனையவை எண்கள். தொகையின் மதிப்பு 3000 ஆகும். விலையை "240" என மேற்கோளுக்குள் இட்டால் அது எண்ணன்று. மூன்று இலக்கங்களாலான சரம் மட்டுமே. புதிதாகக் கற்போர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவாகும்.

செயற்குறிகள்

* கணிதம்: + - * / மற்றும் மீதி காணும் %
* ஒப்பீடு: == != < > <= >=
* ஏரணம்: && (இரண்டும் மெய்), || (ஒன்றேனும் மெய்), ! (மறுப்பு)
* மதிப்பிடல்: =

எண்களுக்கிடையே + கூட்டலைக் குறிக்கும். சரங்களுக்கிடையே இணைத்தலைக் குறிக்கும். எனவே 2 + 3 என்பது 5. "2" + "3" என்பது "23". ஒற்றைச் சமக்குறி மாறிக்கு மதிப்பை அளிக்கிறது. இரட்டைச் சமக்குறி இரு மதிப்புகள் ஒன்றா என வினவுகிறது. பெருக்கலும் வகுத்தலும் கூட்டல், கழித்தலுக்கு முன் செய்யப்படும். இவ்வரிசையை அடைப்புக்குறிகளால் மாற்றலாம்.

நிபந்தனையும் தமிழ்த் தொடரமைப்பும்

ஒப்பீட்டின் விளைவைக் கொண்டு நிரலின் போக்கை மாற்றலாம்:

@( தொகை > செலவு ) ஆனால்
    பதிப்பி "மிச்சம் உண்டு"
இல்லை
    பதிப்பி "மிச்சம் இல்லை"
முடி

ஆங்கிலம் சார்ந்த பெரும்பாலான மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். தமிழில் "மழை பெய்தால்" என்பதுபோல் நிபந்தனை உருபு இறுதியில் அமையும். எழிலும் நிபந்தனையை முதலில் கூறி "ஆனால்" என்பதைப் பின்னர் வைக்கிறது. எனவே எழில் ஆங்கிலக் கட்டளைச் சொற்களின் மொழிபெயர்ப்பு மட்டுமன்று. தமிழின் சொல்வரிசையையும் தழுவியது. செயற்குறிகளோ பிற மொழிகளுக்கும் பெரிதும் பொதுவானவை. ஆதலால் எழிலில் தொடங்கும் மாணவர் பின்னர் பைத்தான், சி போன்ற மொழிகளுக்குச் செல்லும்போது கட்டளைச் சொற்களையும் சில இலக்கண வேறுபாடுகளையும் கற்றால் போதுமானது. கணக்கிடும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.