பிரிக்பீல்ட்ஸ் கிறித்தவ மாணவரின் இரு பள்ளிகள்

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின், ரயில்வே வேலைக்கென யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் குடியேறியோருள் தமிழ்க் கிறித்தவர்களும் இருந்தனர்; 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு வேரூன்றச் செய்த லுத்தரன் மரபைச் சேர்ந்தோருக்கு அங்கே சீயோன் ஆலயம் எழுந்தது.

மிஷன் பள்ளிகளில் வாரநாட்களில் ஆங்கிலம் பயின்ற இவர்களின் பிள்ளைகள், ஞாயிறன்று ஓய்வுநாள் பள்ளியில், அதாவது திருச்சபை நடத்தும் சிறுவர் வேதபாட வகுப்பில், தமிழ் வேதாகமத்தை உரக்க வாசித்து வசனங்களை மனப்பாடம் செய்தனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள், ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைகளோடு ஒரே ஆராதனையில் ஒலித்தன. வீட்டுக்கு வெளியே பலர் தமிழ் எழுத்தைப் படித்த ஒரே இடம் அந்த ஓய்வுநாள் பள்ளியே எனலாம்.

மலேசியாவின் இன்றைய தேசியப் பள்ளியில் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குச் செல்லும் நேரத்தில், கிறித்தவ மாணவர் இந்து, பௌத்த நண்பர்களோடு நன்னெறிக் கல்வி வகுப்பில் அமர்கிறார். தம் நம்பிக்கையை அவர்களுக்கு விளக்கும் தேவையே அவரைச் சிந்திக்க வைக்கிறது. எஸ்பிஎம் என்னும் ஐந்தாம் படிவத் தேர்வில் வேதாகம அறிவு விருப்பப் பாடமாக இருப்பினும், அதற்கான பயிற்சியைப் பெரும்பாலும் திருச்சபையே அளிக்க வேண்டியுள்ளது. அந்த வகுப்புகளில் தமிழ் வேதாகமத்தையும் திறந்து வைப்பது திருச்சபைகளின் கடமை.