தலைவிதியா? தைராய்டா?

செங்கல்பட்டுக் கடலோரத்தில் கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்கள் பெயர் பெற்றவை. கடல் தந்த உப்பில் குறை ஏது என்பர். குறை உண்டு! கடல்மீனிலும் கடற்பாசியிலும் சேரும் அயோடின், பாத்தியில் விளையும் உப்பில் மிகச் சொற்பமே.

அதனால் என்ன? கழுத்தின் முன்புறம் தைராய்டு என்றொரு சுரப்பி. அயோடினைக் கொண்டு அது ஆக்கும் ஹார்மோன், குருதியில் கலந்து உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் ஆள்கிறது. கருவிலுள்ள குழவியின் மூளை வளரவும் துணை நிற்கிறது. அயோடின் குறைந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி 'இன்னும் சுர' என ஏவுகிறது. ஏவலுக்குப் பணிந்த தைராய்டு வீங்குகிறது. அதுவே கழுத்துக் கழலை.

இதற்கு மருந்து உப்பே என மெய்ப்பித்தது எங்கே? கடல் எட்டாத இமயச் சாரலில், கழலை மலிந்த காங்ரா பள்ளத்தாக்கில்! 1956-இல் டாக்டர் இராமலிங்கசாமி குழுவினர் மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தனர். இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பு. ஒன்றிற்கு வெறும் உப்பு. 1962-இல் கண்டதென்ன? அயோடின் உண்ட இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. அவ்வாண்டே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

கயிறு மந்திரித்தா கழலை கரைந்தது? இல்லை, கடல் தராததை மனிதன் சேர்த்தான், கரைந்தது! 'பிறவி மந்தம்' என்று எத்தனை குழந்தைகளின் தலையெழுத்தைப் பழித்தோம்! அவருள் பலருக்குக் குறைந்தது விதியன்று. தாய் உண்ட உணவில் அயோடின்.

தோழர்களே, விதியை நோவதை விடுவோம். உப்புப் பொட்டலத்தைப் படித்து வாங்குவோம்.