வாயில் அடைகாக்கும் மீன்: தருமபுரி மாவட்ட நீர்நிலைகளில் ஜிலேபிக் கெண்டையின் வரலாறு

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில் மீன் பொரிக்கும் கடைகளில் கட்லா, ரோகு, வாளை ஆகியவற்றோடு ‘ஜிலேபி’ என்னும் மீனும் இடம்பெறுகிறது. நாகமரை, ஒட்டனூர் ஆகிய ஊர்களை ஒட்டிய மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் இது வலையில் படுகிறது. காவிரியின் சொந்த மீனைப் போலவே மக்கள் இதனைக் கருதினாலும், இதன் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவாகும். 1852இல் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மொசாம்பிக்கிலிருந்து இதனை விவரித்தார். ‘திலாப்பியா’ என்ற அயற்சொல்லின் ஒலியே மக்கள் வழக்கில் பழகிய தின்பண்டத்தின் பெயராகத் திரிந்தது எனக் கருத இடமுண்டு. ‘கெண்டை’ என்பது பின்னொட்டாகச் சேர்ந்ததே. கெண்டை இனத்தோடு இதற்கு உறவில்லை.

1930களின் இறுதியில் கிழக்கு ஜாவாவின் கடற்கழி ஒன்றில் இம்மீன் கண்டறியப்பட்டது. கண்டெடுத்தவரின் பெயரால் இன்றும் இந்தோனேசியாவில் இது ‘முஜாயிர்’ எனப்படுகிறது. ஆப்பிரிக்க மீன் அங்குச் சென்ற வழி தெளிவாகவில்லை. அலங்கார மீன் வணிகத்தின் வழியே சென்றிருக்கலாம் என்பது பரவலான கருத்து. அவ்வாறாயின், உலகெங்கும் உணவாகப் பரவிய இம்மீனின் பயணம் ஒரு கண்ணாடித் தொட்டியில் தொடங்கியது எனலாம்.

1952இல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்ட இம்மீன், மண்டபம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய என். கே. பணிக்கர், பி. ஆர். எஸ். தம்பி ஆகியோர் வாயில் அடைகாக்கும் இம்மீனைப் பற்றி 1954இல் கட்டுரை வெளியிட்டனர்.

வீட்டுத் தொட்டியில் வளர்ப்போரும் அந்நிகழ்வை எளிதில் காணலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் கருநிறம் கொள்ளும். தொண்டை மட்டும் வெளுத்திருக்கும். அது மணலில் வட்டக்குழி பறித்துப் பெண்மீனை அழைக்கும். பெண்மீன் குழியில் முட்டையிட்டதும் அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். அதன்பின் அது இரையெடுப்பதில்லை. புதிதாக மீன் வளர்ப்பவர் நோயென்று அஞ்சுவது இக்கட்டத்தில்தான். புடைத்த தாடையைக் கண்டவர் அஞ்சார். வாய்க்குள் முட்டைகள் ஓயாமல் புரட்டப்படுவதால் பூஞ்சை பற்றுவதில்லை. மூன்று முதல் ஐந்து நாள்களில் குஞ்சு பொரிக்கும்; ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளியே நீந்தும். நிழல் அசைந்தாலும் தாயின் வாய்க்குள் மீண்டும் புகும்.

தொட்டியில் வியப்பூட்டும் இப்பண்பே நீர்த்தேக்கங்களில் சிக்கலாயிற்று. ஆற்றுக் கெண்டைகள் புதுவெள்ளத்தை எதிர்நோக்கி முட்டையிடுபவை, முட்டையிட்டபின் காப்பதில்லை. அணையின் தேங்கிய நீர் அவற்றுக்கு உகந்ததன்று. ஜிலேபிக்கோ வெள்ளம் வேண்டா, ஆழமற்ற கரை போதும். இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவமெய்தி ஆண்டில் பலமுறை ஈனுவதால், எண்ணிக்கை பெருகி உடல் சிறுத்தது. 1959இலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதன் பரவலைக் கட்டுப்படுத்த முற்பட்டது. காலம் கடந்துவிட்டது. 1960களின் இறுதிக்குள் தமிழக நீர்த்தேக்கங்கள் பலவற்றில் இது குடியேறியிருந்தது. ஏழைகளின் புரதத் தேவைக்கெனத் தொடங்கிய முயற்சியை முழுத் தோல்வி என்பதும் பொருந்தாது. மலிவான மீனாக இன்றும் அது விற்பனையாகிறது.

1988இல் பிலிப்பைன்சில் தொடங்கிய கிஃப்ட் திட்டம் நைல் திலாப்பியாவை மேம்படுத்தியது. அதுவும் வாயில் அடைகாக்கும் இனமே. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியிலும் இவ்வகை வளர்ப்பு இன்று ஊக்குவிக்கப்படுகிறது. பண்ணை முறையோ தாய்மையை விலக்கியே வெற்றி காண்கிறது: முட்டைகள் தாயின் வாயிலிருந்து எடுக்கப்பட்டுச் சாடிகளில் பொரிக்கப்படுகின்றன, குஞ்சுகள் ஆண்களாகவே வளருமாறு தீவனத்தில் ஹார்மோன் கலக்கப்படுகிறது. இதற்கிடையே, நைல் திலாப்பியாவோடு கலப்புற்றதால் மொசாம்பிக் திலாப்பியா தன் தாயகத்தில் அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஒகேனக்கல்லில் அது பொரித்து விற்கப்படுகிறது.