வட்டாரமும் தொகுதியும்: ஒரு மார்க்கம் அரசியல் வாழ்வை முன்வைத்து

லோகன் கணபதி 2006இல் கனடாவின் மார்க்கம் நகரசபைக்கு 7ஆம் வட்டாரத்திலிருந்து தெரிவானார். 2010இலும் 2014இலும் அதே வட்டாரம் அவரை மீண்டும் அனுப்பியது. 2018 ஜூன் 7இல் மார்க்கம்–தோர்ன்ஹில் தொகுதியில் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் சார்பில் வென்று ஒன்ராறியோச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். இதைப் படியேற்றமாகப் பார்ப்பதே நம்மவர் வழக்கம். ஆனால் நகரசபையும் சட்டமன்றமும் ஒரே ஏணியின் இரு படிகள் அல்ல. அவை இரு வேறு தொழில்கள்.

ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆளின் பெயர்தான் முதல். அந்தப் பெயர் எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்பதை ஒரு ஜனவரிக் காலையில் காணலாம். வீதியைத் துப்புரவாக்கிப் போகும் பனி வண்டி, ஒவ்வொரு வீட்டின் கார்ப்பாதை வாசலிலும் இறுகிய பனியை வரம்பாகக் குவித்துவிட்டுச் செல்லும். முதியவரால் அதை மண்வெட்டியால் உடைக்க முடியாது. தொலைபேசியை எடுத்து வட்டார உறுப்பினரைத்தான் அழைப்பார். பேஸ்மென்ட் வாடகை விவகாரமும் அப்படித்தான். வீதியில் கார் நிறுத்த இடமில்லை என்ற பக்கத்து வீட்டாரின் முறைப்பாடும், புதிதாக வந்து அந்த நிலவறையில் குடியிருக்கும் குடும்பத்தின் அச்சமும் ஒரே ஆளின் காதுக்கே வந்து சேர்கின்றன. இருவருமே அவருடைய வாக்காளர்கள்.

தொகுதி அரசியலில் பெயருக்கு அந்தப் பலம் இல்லை. 2018இல் கணபதியை எதிர்த்து லிபரல் கட்சி நிறுத்திய யுவனிதா நாதனும் தமிழர். யோர்க் பிராந்தியக் கல்விச்சபையில் இருந்தவர். இருபுறமும் உள்ளூரில் அறிமுகமான தமிழர் நின்றபோது, இனவுணர்வோ அறிமுகமோ மட்டும் முடிவைத் தீர்மானித்திருக்க முடியாது. கட்சியே எடையைக் கூட்டிய தராசு.

மாகாணத்திடம்தான் அதிகாரம் இருக்கிறது, ஆகவே அங்கே போவதே முறை என்று வாதிக்கலாம். அதில் நியாயமுண்டு. 1867ஆம் ஆண்டு அரசமைப்பின் 92(8)ஆம் பிரிவு நகரசபைகளை மாகாணத்தின் கையில் ஒப்படைக்கிறது. அவற்றுக்கென்று தனி அரசமைப்புத் தகுதி இல்லை. பேஸ்மென்ட் விவகாரமும் அங்கேதான் தீர்ந்தது: ஒரு குடிமனைக் காணியில் மூன்று குடியிருப்புகள் வரை அமையலாம் என்று 2022 நவம்பரில் மாகாணச் சட்டமே சொன்னது. ஆனால் அதிகாரம் இருக்கும் இடத்துக்குப் போகிறவர் வட்டாரத்தின் குரலையும் கூடவே கொண்டுபோகிறார் என்பதற்கு என்ன உறுதி?

2018 கோடையைப் பாருங்கள். கணபதியின் கட்சி அமைத்த புதிய அரசின் முதல்வர் டக் ஃபோர்ட், தாமே 2010 முதல் 2014 வரை ரொறன்ரோ நகரசபை உறுப்பினராக இருந்தவர். பதவியேற்ற சில வாரங்களில், வேட்பாளர்கள் ஏற்கெனவே களத்தில் நின்றபோதே, ரொறன்ரோவின் வட்டாரங்கள் ஒரு சட்டத்தால் 47இலிருந்து 25ஆகக் குறைக்கப்பட்டன. அதே சட்டம், யோர்க் பிராந்தியத் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்ய அவ்வாண்டு கிடைக்கவிருந்த வாய்ப்பையும் பறித்தது. மார்க்கம் வாசிகளும் அந்த வாக்கை இழந்தவர்களே. 2021 அக்டோபரில் கனடிய உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் வட்டாரக் குறைப்புச் செல்லும் என்றது. நகரசபையில் பெற்ற அனுபவம் தன்னளவில் ஒருவரை நகரசபையின் காவலராக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆளுங்கட்சி வாங்கில் கொறடாவின் சொல்லுக்கு இருக்கும் கனம், வட்டாரத் தொலைபேசி அழைப்புக்கு இல்லை.

எனவே இத்தகைய வாழ்வை ஆராய்பவர் வென்ற தேர்தல்களை எண்ணுவதோடு நின்றுவிடக்கூடாது. விட்டு வந்த அவைக்கு என்ன நேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். மார்க்கம் அவையில் மேயரோடு 13 பேர். மாகாண முன்னுரிமை என்று வகுக்கப்பட்ட விடயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆதரவோடு மேயர் துணைவிதி நிறைவேற்றலாம் என்ற ஏற்பாடு 2023 ஜூலையில் மார்க்கத்துக்கும் வந்தது. கணபதி 12 ஆண்டுகள் அமர்ந்திருந்த அந்த மண்டபத்தில், அத்தகைய விடயங்களுக்கு இப்போது 5 வாக்குகள் போதும்.