சாதிக்கோழியும் சாதியும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'சாதிக்கோழி' என்றொரு சொல் உண்டு. ஊர்க்கோழியாக இல்லாமல், இன்ன இனம் என்று பெயர் சொல்லக்கூடிய கோழிக்கு அந்தப் பெயர். 'சாதி நாய்' என்பதும் அவ்வாறே. விலங்கின் வம்சத்தைக் குறிக்கவும் மனிதரின் பிறப்பைத் தரம்பிரிக்கவும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். 'நல்ல சாதி' என்று சொல்லும்போது, வம்சம் தூயது, தூயது உயர்ந்தது, உயர்ந்ததைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம் என்ற மூன்று கருத்துகள் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. இம்மூன்றையும் கோழியின் வரலாற்றை வைத்துப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒக்லாந்தில் எம்மவர் சிலர் பின்வளவிற் கோழி வளர்க்கிறார்கள். மாநகரசபையின் 2015ஆம் ஆண்டுத் துணைவிதி சிறிய நகர்ப்புற வளவுகளில் ஆறு கோழிகள் வரை அனுமதித்தது; சேவல் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. இங்கு முட்டைக்காக வாங்கப்படும் கபிலநிறக் கோழிகளிற் பெரும்பாலானவை பிரவுண் ஷேவர் அல்லது ஹைலைன் பிரவுண். இரண்டுமே வணிகத்துக்காக உருவாக்கப்பட்ட கலப்புகள். ஆனால் வைத்திருப்பவரைக் கேட்டால், 'றோட் ஐலண்ட் றெட், அசல் இனம்' என்று சொல்லக்கூடும்.

வேறுபாட்டைக் காண வழிகள் உண்டு. றோட் ஐலண்ட் றெட் கோழியின் இறகு ஆழ்ந்த செங்கபிலம், கால் மஞ்சள், இறகை விலக்கிப் பார்த்தால் அடித்தூவியும் சிவப்பாயிருக்க வேண்டும். கலப்புக் கோழியின் நிறம் வெளிறியது. அடித்தூவியில் வெண்மை தெரியும். ஒஸ்ரலோப் கோழிக்கு பச்சை மினுங்கும் கறுப்பு இறகும், கருங்காலும், வெண்ணிற உள்ளங்காலும் வேண்டும். உள்ளங்கால் மஞ்சளாயிருந்தால் எங்கோ வேறு இரத்தம் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த வெள்ளை லெகோனுக்குக் காதுமடல் வெள்ளை. டோர்க்கிங் கோழிக்கு ஐந்து விரல்கள். ஐந்து விரற் கோழிகளைப் பற்றிக் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமரான கொலுமெல்லா எழுதியிருக்கிறார்.

இவற்றைப் பார்த்து, 'இது கலப்பு' என்று பலவேளைகளில் உறுதியாகச் சொல்லலாம். 'இது தூயது' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடையாளங்கள் யாவும் பொருந்திய கோழி, ஒளிந்திருக்கும் வேறு பரம்பரையலகுகளைச் சுமந்திருக்கலாம். அதைச் சோதிக்கப் பழைய வழி ஒன்றே: ஒத்த சேவலோடு சேர்த்து, குஞ்சுகளும் அவ்வாறே வருகின்றனவா என்று பார்ப்பது. சேவலுக்குத் தடையுள்ள வளவில் அதுவும் நடவாது. ஆக, குஞ்சு பொரிக்காத கோழியின் தூய்மையைப் பற்றித்தான் நாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அடையாளப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? 1845இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிற் கோழிக் கண்காட்சி நடந்தது. 1849இன் சட்டம் இங்கிலாந்திற் சேவற்சண்டையை ஒடுக்கிய பின், கோழி வளர்ப்போரின் போட்டி களத்திலிருந்து கண்காட்சிக்கு மேலும் நகர்ந்தது. பரிசளிக்க நடுவர் வேண்டும். நடுவருக்கு விதி வேண்டும். 1865இல் டெகெற்மயர் பிரித்தானியாவின் முதலாவது தரவிதி நூலைப் பதிப்பித்தார். அமெரிக்கத் தரவிதி 1874இல் வந்தது. கொண்டை, காதுமடல், கால், நிறம் எல்லாம் அப்போதுதான் சட்டமாயின. கோழிகள் முன்னரே இருந்தன. தூய்மைதான் பின்னர் எழுதப்பட்டது.

எழுதியவர்கள் தமக்கு முன்னிருந்த கலப்பை மறைக்கவும் முடியவில்லை. ஒபிங்ரன் என்ற புகழ்பெற்ற ஆங்கில இனத்தை 1886இல் வில்லியம் குக் என்பவர் மினோர்க்கா, பிளிமத் றொக், லங்ஷான் ஆகிய மூன்றையும் கலந்து உருவாக்கினார். அந்த ஒபிங்ரனை அவுஸ்திரேலியாவில் மாற்றி வளர்த்ததே ஒஸ்ரலோப். இன்னும் சுவையானது 'பிரமா' என்ற பெருங்கோழியின் கதை. பிரமபுத்திரா நதியின் பெயரால் அழைக்கப்படும் அக்கோழி அமெரிக்காவிலே உருவாக்கப்பட்டது. ஷங்காயிலிருந்து வந்த கோழிகளோடு சிட்டகொங் கோழிகள் சேர்ந்து பிறந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1852இல் பேர்ணம் என்ற வணிகர் இவ்வகைக் கோழிகளை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக அனுப்பி விலையை ஏற்றினார். 1855இல் அந்தக் 'கோழிக் காய்ச்சலை' எள்ளி நூலும் எழுதினார். பிரமனின் பெயர் கொண்ட உயர்குலம் கலப்பிற் பிறந்து, விளம்பரத்தில் வளர்ந்தது.

இனிப் பிறப்புரிமையியலுக்கு வருவோம். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை பேற்சன் 1902இல் கோழிக் கொண்டையைக் கொண்டே காட்டினார். ரோசாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு இரண்டுமல்லாத வாதுமைக் கொண்டை வருகிறது. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையிற் பதினாறில் ஒன்று சாதாரண ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். பாட்டனுக்கும் பாட்டிக்கும் தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத உருவம் பேரப்பிள்ளையில் வந்து நிற்கிறது. கண்ணாற் கண்டு வம்சத்தை அளப்பவர்களுக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா?

வயண்டொற் இனத்தின் கதை இன்னும் கூர்மையானது. அதற்கு ரோசாக் கொண்டையே விதி. ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளை வளர்ப்போர் நூறாண்டுக்கு மேலாகக் கழித்துவந்தும் அவை பிறப்பது நிற்கவில்லை. காரணத்தை 2012இல் வெளிவந்த மரபணு ஆய்வு விளக்கியது. ரோசாக் கொண்டைக்குக் காரணமான மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற சேவலின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை. கலப்பான சேவலே அதிகம் பெருக்குகிறது. அதாவது கழிக்கப்பட்டவற்றின் பரம்பரையலகே அந்த 'உயர்ந்த' இனத்தை வாழவைத்திருக்கிறது.

இன்னும் பின்னே போனால் இனம் என்ற வேலியே தளர்ந்துவிடுகிறது. வளர்ப்புக்கோழிகள் யாவும் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தவை என்பது டார்வினின் முடிவு. 1868இல் வெளியான நூலில், கறுப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக்கோழியையும் சேர்த்தபோது காட்டுக்கோழியின் செந்நிறம் மீண்டு வந்ததை அவர் பதிந்தார். மூதாதை பெருமளவிற் சரி. ஆனால் 2008இல் மஞ்சட்காலுக்குரிய பரம்பரையலகு தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழியிலிருந்து வந்தது எனக் காட்டப்பட்டது. அசல் அமெரிக்க இனத்தின் சான்றிதழாகிய மஞ்சட்காலே எங்கள் பக்கத்துக் காட்டிலிருந்து போன கலப்பின் சுவடு.

எமது மரபிலும் தூய்மைப் பேச்சுக் குறைவில்லை. சண்டைச் சேவலினமான 'அசீல்' என்ற பெயரே அரபுமொழியிற் கலப்பற்ற வம்சம் எனப் பொருள்படும். ஆயினும் தமிழ்நாட்டில் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகற்களைப் பாருங்கள். சண்டையில் இறந்த சேவல்களுக்கு எழுப்பிய கற்கள் அவை. எந்தச் சேரியின் சேவல் என்று அவை சொல்கின்றன; இந்தளூர்க் கல் சேவலின் பெயரையும் சொல்கிறது. வம்சத்தைப் பற்றிப் பேச்சில்லை. போரிட்டது என்பதே அதன் தகுதி.

பெயர்களும் கடல்கடந்து மாறுகின்றன. என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்யும் சமோவா நண்பர் கோழியை 'மோவா' என்பார். மவோரிகளின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது அதே சொல் இங்கிருந்த மாபெரும் பறவைக்குப் போயிற்று. கப்டன் குக் 1773இல் இங்கு கோழிகளை விட்டுச்சென்றார். மவோரி மொழியில் இன்று கோழிக்கு 'ஹெய்ஹெய்' என்று பெயர். சொல்லைத் தூயதாய் வைத்திருக்காததால் அம்மக்கள் அழிந்துவிடவில்லை.

இதனால் இனம் என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. தாயைப்போற் குஞ்சு வரும் என்ற உறுதியே இனத்தின் பயன். அரிய இனமொன்று அழிந்தால் அதிலிருந்த குணங்களும் அழியும்; அதைக் காப்போரின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் அது வளர்ப்பவரின் தேவைக்கேற்ற பயன். கோழியின் உயர்வு அன்று.

புலம்பெயர்ந்த நாட்டில் 'கலந்தால் அழிந்துவிடுவோம்' என்று அஞ்சுவோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. மொழி தேய்வது உண்மையே. ஆயின் மொழி இரத்தத்தில் வருவதன்று, கற்பிப்பதால் வருவது. தமிழ் கற்பிக்க நேரமில்லாத வீடுகளிலும் மணமகனின் சாதியை விசாரிக்க நேரமிருக்கிறதே, அது எதைக் காப்பதற்கு? எமது தரவிதியும் ஒரு காலத்தில் ஒருசிலரால் எழுதப்பட்டதுதான். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். அதில் அடிமை என்று எழுதப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. கண்காட்சியின் நடுவரே கோழிக்குச் சொந்தக்காரராயும் இருந்தால் பரிசு யாருக்குப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைச் சுமந்துகொண்டு கடல் கடந்திருக்கிறோம்; அதை எம் பிள்ளைகளின் கையிற் கொடுப்பதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் இப்போது நாம்தான்.