கிரேக்கர் இட்ட பெயர்கள்

குழந்தைக்குப் பெற்றோர் அளிக்கும் முதற் செல்வம் பெயர். அதனைத் தேர்ந்தெடுப்பது வீட்டாரின் விருப்பம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், பழங்கதை வீரர்களின் பெயரைக் குழந்தைகளுக்கு இடலாமா, கூடாதா என்னும் வினா ஒரு காலத்தில் சமயத் தலைவரே தலையிடும் அளவிற்குப் பெரிதாயிற்று. அது நிகழ்ந்தது கிரேக்க மக்களிடையே. அவ்வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

பண்டைக் கிரேக்கத்தில், குழந்தை பிறந்த பத்தாம் நாள் உற்றாரை அழைத்து விருந்திட்டுப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்குப் பெரும்பாலும் தந்தையைப் பெற்ற பாட்டனின் பெயரையே இட்டனர். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் ‘பெயரன்’ என்றும் ‘பேரன்’ என்றும் வழங்கும் தமிழர்க்கு இவ்வழக்கம் புதுமையன்று. தெய்வப் பெயர்களையும் கிரேக்கர் நாடினர். ஆனால் அவற்றை அப்படியே மக்களுக்குச் சூட்டுதல் அக்காலத்து மரபன்று. அப்பாலோவின் கொடை எனப் பொருள்படும் அப்பொலோடோரஸ், விளைச்சலைக் காக்கும் டெமீட்டர் அன்னைக்கு உரியவன் எனப் பொருள்படும் டெமீட்ரியஸ் என்றவாறு, தெய்வப் பெயரிலிருந்து மக்கட் பெயரை ஆக்கிக்கொண்டனர். கி. மு. 480-இல் நிகழ்ந்த சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் பக்கம் நின்று கப்பல்களை நடத்திய அரசி ஆர்ட்டெமிசியாவின் பெயர், ஆர்ட்டெமிஸ் என்னும் வேட்டைத் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்ததே.

கிறித்தவ சமயம் பரவியபோதும் இப்பெயர்கள் உடனே மறையவில்லை. பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பெபேயாள், எர்மே, நேரே என்னும் அன்பர்களைக் காண்கிறோம். இம்மூன்றும் பழங்கதையில் வரும் பெயர்கள். எர்மே என்பது தெய்வங்களின் தூதனாகிய ஹெர்மிஸின் பெயர். நேரே என்பது கடலில் வாழும் முதியோனாகிய நேரியஸின் பெயர். டெமீட்ரியஸ் என்ற பெயர் பூண்ட ஒருவர் தெசலோனிக்கா நகரில் சமயத்துக்காக உயிர் ஈந்து புனிதராகவே போற்றப்பெற்றார். எனினும், நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் புனிதர்களின் பெயரை இடுவதே பெருவழக்காயிற்று. பிறந்த நாளைவிடத் தம் பெயருக்குரிய புனிதரின் திருநாளையே மக்கள் சிறப்பாகக் கொண்டாடினர். அக்கிலீசும் அகமெம்னனும் ஏட்டில் மட்டும் வாழ்ந்தனர்.

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமானது. அதன்பின் கிரேக்கருள் பெரும்பாலோர் சுல்தானின் ஆட்சியில் வாழ்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களிடையே ஒரு புதிய எழுச்சி தோன்றிற்று. வாணிகத்தால் பொருள் ஈட்டியோர் பள்ளிகளை நிறுவினர். பண்டை நூல்கள் அச்சேறின. ஹோமர் பாடிய வீரர்கள் தம் முன்னோர் என்ற உணர்வு இளைஞர் உள்ளத்தில் ஊன்றியது. ஆசியா மைனரின் கரையில் இருந்த கிடோனியே நகரக் கல்லூரியில், 1817-இல் மாணவர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பண்டைக் கிரேக்க மொழியிலேயே உரையாடுவது என்றும், தம் பெயர்களை விடுத்துப் பண்டையோர் பெயர்களை ஏற்பது என்றும் உறுதி பூண்டனர். கப்பல்களுக்குங்கூட இத்தகைய பெயர்கள் வந்தன. விடுதலைப் போரில் புகழ்பெற்ற பூபுலீனா அம்மையாரின் போர்க்கப்பலுக்கு ‘அகமெம்னன்’ என்று பெயர்.

இப்போக்கைக் கண்டு திருச்சபைத் தலைவர் ஐந்தாம் கிரெகோரி கவலையுற்றார். ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளுக்குப் பழங்கிரேக்கப் பெயர்களை இடுதல் தகாத புதுமை என்றும், கிறித்தவப் பெயர்களை இகழ்வதாகும் என்றும் 1819-இல் சுற்றறிக்கை விடுத்தார். அவரைக் குறுகிய நோக்கினர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தம் சபை மக்களின் ஒழுகலாற்றுக்குச் சுல்தானிடம் பொறுப்பேற்றவர் அவரே. பழம்பெயர் பழைய நாட்டை நினைவூட்டும். நினைவு உரிமை வேட்கையைத் தூண்டும். வேட்கை வாளை எடுக்கச் செய்யும். அதன் விளைவு எளிய மக்கள் தலையில் அன்றோ விழும்!

இரண்டே ஆண்டுகளில், 1821-இல், விடுதலைப் போர் மூண்டது. கலகத்தைக் கண்டித்து அறிக்கை விடுத்திருந்தும், அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளன்று கிரெகோரியைத் தம் மாளிகையின் வாயிலிலேயே துருக்கியர் தூக்கிலிட்டனர். அடுத்த மாதம், கிராவியா என்னும் இடத்தில் ஒரு சத்திரத்துக்குள் ஏறத்தாழ 120 வீரர் நின்று, ஆயிரக்கணக்கான துருக்கியப் படையைத் தடுத்தனர். அவ்வீரர்களின் தலைவர் பெயர் ஒடிசியூஸ் ஆண்ட்ரூட்சோஸ். ஹோமர் பாடிய ஒடிசியூஸ் ஆண்ட இதாக்கைத் தீவில் பிறந்தமையால் அவருக்கு அப்பெயர் வாய்த்தது. அப்பெயரைத் தடுக்க நினைத்தவரும், அப்பெயரைத் தாங்கியவரும் ஒரே போரின் ஏட்டில் இடம்பெற்றனர்.

ஆனால் பெயர் ஒருவனுடைய ஊழை முடிவு செய்வதில்லை. பழைய ஒடிசியூஸ் பத்தாண்டு அலைந்தும் வீடு திரும்பினான். ஆண்ட்ரூட்சோசோ, பகைவருடன் உறவு கொண்டார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1825-இல் ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் கோட்டைச் சிறையில் தம் நாட்டவராலேயே கொல்லப்பட்டார். கிடோனியே நகரும் 1821-இலேயே அழிவுற்றது; பெயர் மாற்றிக்கொண்ட மாணவர்களின் கல்லூரியும் அதனோடு போயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் இவ்வழக்குத் தானே தீர்ந்தது. புனிதர் பெயரும் வீரர் பெயரும் ஒரே குடும்பத்தில் அமைதியாக வாழலாயின. பழம்பெயர் பூண்டு, தமக்கெனப் புனிதர் திருநாள் இல்லாதவர்கள் அனைத்துப் புனிதர் ஞாயிறன்று தம் பெயர்நாளைக் கொண்டாடுகின்றனர். சிறுவர்க்கு நூல்கள் எழுதிய பெனெலோப்பி டெல்ட்டா (1874-1941) பெற்றிருந்தது ஒடிசியூசின் மனைவி பெயர். 1979-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற கவிஞர் எலிட்டிஸ் பெற்றிருந்தது ஒடிசியூசின் பெயரே.

முன்னோர் பெயரைச் சூட்டுதல் பெற்றோர் செய்யும் செயல். அதற்கு ஒரு புதிய பொருளைச் சேர்த்தல் பிள்ளை செய்ய வேண்டிய செயல். கிரேக்கரின் பெயர் வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் உண்மை இதுவே.