சுவரும் மச்சும் சந்திக்கும் விளிம்பு

நெய்யாற்றங்கரைத் தாலூகாவின் தென்கோடியில், பாறசாலை, செங்கல், காரோடு முதலிய எல்லைக் கிராமங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் மச்சுவீடுகளுக்குள் நுழைந்து, சுவர் முடிந்து மரத்தட்டு தொடங்கும் இடத்தை அண்ணாந்து நோக்குவோர், சுண்ணாம்புப் பூச்சு உத்தரத்தின் அடிவிளிம்போடு நின்றுவிடுவதையும், அவ்விரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட வேண்டும் என்ற ஆசை ஆசாரிக்கோ கொத்தனாருக்கோ இருந்ததாகத் தோன்றாமையையும் காணலாம். இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டிற்கு இருமுறை மழை பெறும் இப்பிரதேசத்தில், ஆஞ்சிலியும் பலாவும் ஈரம் குடித்துப் பருத்துக் கோடையில் சுருங்குவது இயல்பு. சுவரோ அவ்வாறு அசைவதில்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரையிலும் காயலிலும் கிடைத்த சிப்பியைச் சூளையிட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து புளிக்க வைத்துப் பூசுவது பழைய ஸம்பிரதாயம். பனை மிகுந்த இந்த எல்லைப்புறத்தில் கருப்பட்டிக்குப் பஞ்சம் ஏது? அக்கலவை மெல்ல இறுகுவதால் சிறு அசைவுகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்த வேலைப்பாட்டின் உச்சத்தைக் காண விரும்புவோர், தென்கிழக்கே தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தைச் சேர, நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அரண்மனையோ தமிழக மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிக் கைத்தொழிலைப் பிரிக்கவில்லை.

பிறகு சிமெண்ட் வந்தது. கான்கிரீட் தளமும் வந்தது. சுவரின்மேல் தளத்தை வார்த்துவிட்டால், மரத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த அந்தப் பழைய பிரச்சினையே இல்லை என்றாகிவிட, விளிம்பைப் பற்றிய விசாரமும் கொத்தனார்களிடையே மெல்ல மறைந்தது என்பது என் அபிப்பிராயம்.

அது திரும்பிவந்த வழிதான் விசித்திரமானது. 1894இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகித அடுக்குகளுக்கிடையே ஜிப்சக் கலவையை வைத்து அமைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றல்கள்தாம் இன்று ஜிப்சம் போர்டு என்ற பெயரில் நம் கடைவீதிகளில் விற்கின்றன. பொய்த்தளத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் இப்பலகையைத் திருகாணியால் இறுக்கும்போது, முதலில் மேல்தளத்தை மாட்டி, பிறகு சுவர்ப்பலகையை அதன் விளிம்பை முட்டுமாறு நிறுத்துவதே முறை. அப்படியும் இடைவெளி விழும். சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சந்துகளை, தண்ணீர் சேர்த்தால் தானே இறுகும் ஜிப்சக் கலவையால் முன்கூட்டியே நிரப்பி, அது இறுகிய பின்னரே காகித நாடாவை நடுவில் மடித்து மூலையில் ஒட்டி, அதன்மேல் பூச்சிட வேண்டும். உலர்வதனால் மட்டுமே கெட்டிப்படும் கலவையை ஆழமான சந்தில் ஒரே மூச்சில் அடைத்தால், நீர் வற்றும்போது அது உள்வாங்கிப் பிளக்கிறது.

அவசரக்காரர்கள் நிரப்புதலையும் பூச்சையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். இத்தகைய வீடுகளில் முதல் இடவப்பாதி கழிந்ததும் மூலைகளில் மயிரிழை போன்ற பிளவுகள் ஓடினால், வீட்டுக்காரர் பலகையைக் குறைகூறுவார், பலகைக்காரர் மழையைக் குறைகூறுவார். சந்தை நிரப்பிய கை எவருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.